இடது தோளைக் கொஞ்சம் இறக்குங்க

செய்தி வந்தபோது மணி பதினொன்று பத்து. எக்ஸ்ரே அறையில் ஒரு தடித்த மனிதர், மார்பைப் பலகையில் அழுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு அவள் தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். அதே நொடியில் பையிலிருந்த போன் அதிர்ந்தது. கணவர் அனுப்பியிருந்தார்: 'பெட்டி வந்துடுச்சு. கடை வாசல்ல நுழைய மாட்டேங்குது.'

இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை படித்துக்கொண்டிருக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. தடித்த மனிதர் இன்னும் மூச்சை விடவில்லை. பின்னங்கழுத்திலிருந்து காது நுனி வரை சிவந்து போயிருந்தார்.

"ஐயையோ, விடுங்க சார், விடுங்க!"

அவர் பலகையைப் பிடித்தபடியே திரும்பினார். "ஏம்மா, படம் எடுக்கத்தானே வந்தேன். மாலை போட்டுச் சுவத்துல மாட்டிடுவீங்க போலிருக்கே!"

இருபத்தேழு வருட வேலையில் அவள் 'விடுங்க' சொல்ல மறந்தது அந்த ஒரு நாள்தான். மதியத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அந்தக் கதை பரவிவிட்டது. அந்த வியாழக்கிழமையை நினைத்தால் இப்போதும் வீட்டில் முதலில் வருவது சிரிப்புதான்.

எக்ஸ்ரே அக்கா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். அவள் வேலை பார்த்த அறைக்கு ஜன்னல் கிடையாது. இருக்கவும் கூடாது. சுவருக்குள் ஈயத்தகடு, கதவுக்குள் ஈயத்தகடு, மேலே போடும் அங்கிக்குள்ளும் ஈயம். வெளியே மழையா வெயிலா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். அப்படிப்பட்டவள் ஐம்பத்தோராவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னாலிருந்த வெட்டவெளியில் பொம்மை விமானங்கள் பறப்பதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரை நிறுத்தினாள். பின்னால் உட்கார்ந்திருந்த கணவர் மடியில் ஒரு கட்டு நம்பர் பிளேட். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவதும் நம்பர் எழுதுவதும் அவர் தொழில். அன்றைக்கு அந்தக் கட்டை ஒரு வாடிக்கையாளரிடம் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். கொடுத்தது மறுநாள்தான்.

அடுத்த மாதமே அவள் கையில் ஒரு சின்ன விமானம் இருந்தது. வெள்ளைத் தெர்மாகோல் உடம்பு, ஒரு முழம் நீளம். குருவி என்று பேர் வைத்தாள். ஓட்டுகிறவர் பதறிக் கையைக் காலை உதறினாலும் விமானத்தைத் தானாகவே நிமிர்த்திவிடும் கருவி அதற்குள் இருந்தது. புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் தோது. எட்டு மாதத்தில் குருவிக்கு மூன்று மூக்கு மாறியது, இரண்டு வால் மாறியது, இறக்கை மட்டும் பசையும் டேப்புமாகத் தாக்குப்பிடித்தது.

மைதானத்தில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ரிமோட் விமானம் கற்கிற எல்லோரையும் ஒரே பேய்தான் பிடிக்கும். விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது அதன் இடது நமக்கும் இடது, சிக்கல் இல்லை. அது திரும்பி நம் முகத்தை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். அதன் இடது நமக்கு வலது. அங்கேதான் எல்லோரும் குழம்பி, விமானத்தை மண்ணில் குத்துவார்கள். அவளோடு சேர்ந்து கற்க ஆரம்பித்த பேக்கரிக்காரர் அப்படி ஏழு தடவை குத்தினார்.

அவளுக்கு மட்டும் நேர் எதிர். எதிரே வரும் விமானத்தைத் தாலாட்டுவதுபோல இறக்கிக் கொண்டுவருவாள். விலகிப் போகும் விமானத்தைத்தான் தப்பான பக்கம் திருப்புவாள். காரணம் தொழில். இருபத்தேழு வருடமாக அவள் பார்த்த ஒவ்வொரு படமும் அவளுக்கு எதிரே முகம் காட்டி நிற்கிற ஆளின் படம். படத்தின் வலப்பக்கம் இருப்பது ஆளின் இடது. அதை யோசிக்கவே மாட்டாள். மூச்சு விடுவதுபோல வந்துவிடும். கணவர் சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்து "என் இடது கன்னத்துல ஏதோ ஒட்டியிருக்கா?" என்று கேட்டால் சரியான கன்னத்தைத் துடைப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் ஒரு கணம் முழிப்பாள்.

"அக்கா, உலகத்துல எல்லாருக்கும் வர்ற தப்பு உங்களுக்கு வர மாட்டேங்குது. யாருக்கும் வராத தப்பு கரெக்டா வருது" என்றார் காத்து. காத்து என்பது மைதானப் பொறுப்பாளரின் பட்டப்பேர். லாரி டயருக்குக் காற்றடிக்கும் கடை வைத்திருந்தார். எந்த நேரமும் ஒரு துண்டு நூலை விரலில் தொங்கவிட்டுக் காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவளைவிடப் பத்து வயது இளையவர். அவளை அக்கா என்பார்; அதனால் கணவர் அவருக்கு மாமா ஆகிவிட்டார்.

அந்தத் தப்பு வெறும் தப்பாகவே இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஓடுபாதைக்கு வலப்பக்கம் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்கு அப்பால் வண்டிகளும் மனிதர்களும். எந்த விமானமும் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. மேலே ஏறியதும் முதல் திருப்பம் இடப்பக்கம். அந்த முதல் திருப்பத்தில்தான் விமானம் முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போகும். குருவி அவளிடம் இரண்டு முறை கோட்டைத் தாண்டியது. முதல் முறை யார் தலையிலும் படாமல் திரும்பியது. இரண்டாவது முறை பேக்கரிக்காரரின் புதுக் கார்க் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது.

"கார் வாங்கி மூணு நாள்தான் ஆச்சு" என்றார் பேக்கரிக்காரர். "எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கணும்னு சொன்னாங்க. விமானம் வச்சு நசுக்கணும்னு யாரும் சொல்லலையே."

காத்து அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெரிய விமானத்துக்கு மாறச் சொன்னவரும் அவர்தான், எச்சரித்தவரும் அவர்தான். "குருவி சின்னது அக்கா. லேசா காத்தடிச்சாலே தள்ளாடுது. நீங்க திருப்பினீங்களா, காத்து திருப்புச்சான்னே தெரிய மாட்டேங்குது. பெருசுன்னா அசையாம நிக்கும், நீங்க சொன்னதை மட்டும் கேக்கும். ஆனா ரெண்டு கிலோ கிட்ட எடை. அது கோட்டைத் தாண்டினா யார் மண்டையாவது உடையும். தேர்வுல தாண்டினீங்கன்னா அப்புறம் ஆறு மாசம் கழிச்சு அடுத்த தேர்வுலதான் பாக்கணும்."

தேர்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. பெரிய விமானத்தைத் தனியாக ஏற்றி, இடப்பக்கம் திருப்பி, மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, ஓடுபாதையில் இறக்க வேண்டும். தேறியவர்களுக்குத்தான் ஓடுபாதை. தேறாதவர்கள் விடியற்காலையில் மூலையில் ஒதுங்கி, குருவியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பெட்டி வந்தது வியாழக்கிழமை, தேர்வு ஞாயிற்றுக்கிழமை.

அன்று சாயங்காலம் அவள் வேலை முடிந்து நேரே கடைக்கு ஓடினாள். பெட்டி வாசலுக்கு வெளியே, கடையின் பெயர்ப்பலகைக்கு முட்டுக்கொடுத்ததுபோல நின்றிருந்தது.

"உள்ள கொண்டுபோக வழியில்லை. கடையை இடிச்சுக் கட்டலாமா, விமானத்தை மடிச்சு வைக்கலாமான்னு யோசிச்சுட்டு இருந்தேன்" என்றார் கணவர்.

"கடையை இடிங்க" என்றாள்.

மாடியிலிருந்த வீட்டுக்கு இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். படிக்கட்டு வளைவில் பெட்டி சிக்கி, அவர் மேல்படியிலும் அவள் கீழ்ப்படியிலுமாக ஐந்து நிமிடம் நின்றார்கள். கட்டில் மேல் வைத்துத் திறந்தபோது புதுச் செருப்புக் கடையின் வாசனை வந்தது. உடம்பு தனி, வால் தனி, இறக்கை இரண்டு துண்டு. இரண்டுக்கும் நடுவே சொருகக் கறுப்பாக ஒரு கம்பி. பேனாவைவிட லேசு, இரும்பைவிட விறைப்பு. இறக்கைகளை அதில் சொருகி முடித்ததும் கட்டிலின் இரண்டு ஓரத்தையும் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மீட்டர். குருவியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தாள். பசுவுக்குப் பக்கத்தில் கன்று நிற்பதுபோல இருந்தது.

"அம்மாடி" என்றாள். சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தாள். பஞ்சு மாதிரி ரப்பர், கெட்டியான அச்சு. மூக்கின் கீழே பாட்டரிக்கு ஒரு மூடி, காந்தத்தில் டப்பென்று ஒட்டியது. திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள்.

"அது பிரிட்ஜ் இல்லம்மா. உள்ள ஒண்ணும் இல்ல" என்றார் கணவர்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுதும் திருகாணி முடுக்கினார்கள். பாட்டரியை உள்ளே வைத்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இறக்கைக்குக் கீழே கொடுத்துத் தூக்கி, மூக்கு லேசாகக் கவிழ்கிறதா என்று பார்த்தார்கள். பாட்டரியை அரை விரற்கடை முன்னால் தள்ளியதும் சரியாக நின்றது. கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தராசுக்காரர்போல ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இனிமே நீதான் பாக்கி" என்றார்.

பக்கம் மாறும் சிக்கலுக்கு அவர்தான் ஒரு யோசனை சொன்னார். எக்ஸ்ரே படத்தில் எந்தப் பக்கம் எது என்று தெரிய, பலகை ஓரத்தில் ஈயத்தில் செய்த எல் அல்லது ஆர் எழுத்தை வைப்பாள் அவள். வைக்காமல் ஒரு படம்கூட எடுத்ததில்லை. அதேபோல இறக்கையின் கீழ்ப்பக்கம் ஒரு சாண் உயரத்தில் இரண்டு எழுத்துகள். வலது இறக்கையில் சிவப்பில் ஆர், இடது இறக்கையில் நீலத்தில் எல். விமானம் எந்தப் பக்கம் போனாலும் கீழே நின்று பார்த்தால் தெரியும். கடை எந்திரத்தில் அவரே வெட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸுக்கு ஒட்டும் சரக்கு. பத்து வருடம் வெயிலில் கிடந்தாலும் நிறம் மங்காது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒட்ட உட்கார்ந்தார்கள். ஸ்கேல் வைத்து நான்கு மூலையும் பென்சிலால் குறித்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஆர் எழுத்தைப் படியவைத்து, ரப்பர் கட்டையால் காற்றுக் குமிழை வெளியே தள்ளினாள். ஒரு சுருக்கம் இல்லை. கணவர் தன் கடைக்கு ஆள் கிடைத்துவிட்டது என்றார். இடது இறக்கையிலும் நான்கு மூலையைக் குறித்து முடித்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஏணியிலிருந்து ஒரு பெயிண்டர் விழுந்துவிட்டாராம்; மாற்று ஆள் விடுமுறையில் போயிருந்தார்.

பெயிண்டருக்கு எலும்பு எதுவும் உடைந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் மார்புக் கூட்டைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் அவரைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினாள். வலியில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். அவள் பின்னாலிருந்து அவர் தோளைத் தொட்டு, "இடது தோளைக் கொஞ்சம் இறக்குங்க" என்றாள்.

தொட்டது அவளுடைய இடது கை. தொட்ட தோள் அவருடைய இடது தோள்.

அவள் கையை எடுக்கவில்லை. தோளைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பது பேர் இப்படி முதுகைக் காட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றிருக்கிறார்கள். இருபத்தேழு வருடம். ஒருவர் தோளையாவது மாற்றித் தொட்டிருப்பாளா? கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. விமானம் விலகிப் போனால் அது பலகைக்கு முன் நிற்கிற ஆள். திரும்பி வந்தால் அந்த ஆளின் படம். இரண்டுமே அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"என்னம்மா, எலும்பு கையாலயே தெரியுதா?" என்று கேட்டார் பெயிண்டர்.

"ரொம்ப நல்லா தெரியுது!" என்றாள். அந்தச் சந்தோஷத்திலும் மூச்சை விடச் சொல்ல மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரைப் பிடித்து வராந்தாவில் நிறுத்தினாள். "ஏங்க, முதுகைக் காட்டி நில்லுங்க. கையை ரெண்டு பக்கமும் நீட்டுங்க. மெதுவா நடங்க."

"எதுக்கு?"

"நீங்கதான் விமானம்."

"எடை சரியா வருமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் கையை நீட்டினார்.

பின்னாலேயே ரிமோட்டோடு நடந்தாள். "இடது தோளை இறக்குங்க" என்பாள். குச்சியை இடப்பக்கம் தள்ளுவாள். அவர் இடப்பக்கம் சாய்ந்து திரும்புவார். வராந்தா முனையில் போய்த் திரும்பி முகம் காட்டி வருவார். முப்பது தடவை. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து எட்டிப் பார்த்தார். கையை விரித்துக்கொண்டு நின்றிருந்த மனிதரையும் ரிமோட்டோடு நின்றிருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒண்ணு எங்க கிடைக்கும்? எங்க வீட்டு மனுசனுக்கும் வேணும்" என்றார். அந்த அமர்க்களத்தில் மேஜைமேல் கிடந்த எல் எழுத்தை யாரும் நினைக்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரை. காத்துவின் விரலில் நூல் நேராகத் தொங்கியது. புது விமானத்தை முதலில் அவர்தான் ஒரு சுற்று ஓட்டி, நேராகப் போகிறதா என்று பார்த்துத் தர வேண்டும். ரிமோட்டுக்குக் கை நீட்டினார்.

"இருங்க. மூணு கேள்வி கேட்டுட்டுத் தர்றேன்" என்றாள் அவள். படம் எடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் பேர் என்ன, வயசு என்ன, எந்தப் பக்கம் வலி என்று கேட்பது அவள் வழக்கம். தெரிந்த முகமானாலும் கேட்பாள். விமானத்திடமும் கேட்டாள். குச்சியை இடப்பக்கம் தள்ளினாள். இடது இறக்கையின் பின்விளிம்பிலிருந்த மடல் மேலே எழுந்திருக்க வேண்டும். கீழே இறங்கியது.

காத்துவின் முகம் மாறியது. ரிமோட்டின் திரையைப் பார்த்தாள். 'குருவி' என்றிருந்தது. எந்த மடல் எந்தப் பக்கம் அசைய வேண்டும் என்று ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கணக்கை ரிமோட் நினைவில் வைத்திருக்கும். பெரியதற்கு மாற்றாமல் வராந்தாவில் விளையாடிய அதே கணக்கிலேயே எடுத்து வந்திருக்கிறாள். அப்படியே ஏற்றியிருந்தால் இடம் என்றால் வலம் போய், பத்து நொடியில் சுள்ளியாகியிருக்கும்.

"பேர் மாறிப் போச்சு" என்றாள், திரையில் மாற்றிக்கொண்டே. மறுபடி தள்ளினாள். மடல் மேலே எழுந்தது.

"பெருசுக்கு மாறுற எல்லாரும் பண்ற தப்பு அக்கா" என்றார் காத்து மெதுவாக. "தரையிலயே கண்டுபிடிச்சவங்களை இப்பத்தான் பாக்கறேன்."

அவர் ஒரு சுற்று ஓட்டி இறக்கினார். பிறகு ரிமோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இனித் தொடமாட்டேன் என்று அர்த்தம். பேக்கரிக்காரர் ஓடிப்போய்க் காரை நாற்பது அடி பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார்.

"நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டார் கணவர்.

"உங்க வீட்டம்மா மேல நம்பிக்கை இருக்கு. கார் மேல ஆசையும் இருக்கு."

அவள் வேகத்தைக் கூட்டினாள். குருவியென்றால் நாலு தாவலில் எழும்பிவிடும். இது ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. மூக்கு லேசாக இடப்பக்கம் இழுத்தது. வாலை ஒரு துளி வலப்பக்கம் கொடுத்து நேராக்கினாள். சக்கரச் சத்தம் சட்டென்று நின்றது. தரையைவிட்டுப் போய்விட்டது. நிதானமாக, பாரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுவதுபோல ஏறியது. மேலே வீசிய இலேசான காற்றுக்கு அது அசையவே இல்லை. ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து மரங்களை நோக்கிப் போனது.

முதல் திருப்பம். வலப்பக்கம் சுண்ணாம்புக் கோடு.

"இடது தோளைக் கொஞ்சம் இறக்குங்க" என்றாள் சத்தமாக.

பக்கத்தில் நின்ற காத்து தன் தோளை இறக்கினார். விமானமும் இறக்கியது. இடது இறக்கை சாய, அகலமாக, அழகாக, கோட்டைவிட்டு விலகித் திரும்பியது. யாரோ விசிலடித்தார்கள். கணவர் வராந்தாவில் நின்றதுபோலவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கே அது தெரியவில்லை. விமானம் முகம் காட்டி வந்தது. அது அவளுக்குச் சொந்தச் சமையலறை. மறுபடி முதுகு. "தோளை இறக்குங்க." இரண்டு சுற்று முடிந்தது.

இறக்கும்போதுதான் பெரியது தன் குணத்தைக் காட்டியது. வேகத்தைக் குறைத்த பிறகும் மிதந்தது. ஓடுபாதையை முழுக்கத் தாண்டி மிதந்தது. அவள் அவசரப்பட்டுக் கீழே அழுத்தவில்லை. மீண்டும் வேகம் கொடுத்துத் தூக்கி, இன்னொரு சுற்றுச் சுற்றி, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தாள். சக்கரம் தொட்டது, ஒரு துள்ளு, இன்னொரு துள்ளு, ஓடி நின்றது.

காத்து முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்தார். "கோட்டைத் தாண்டலை" என்றார்.

"மூச்சை விடுங்க" என்றாள் அவள், எல்லோரையும் பார்த்து. அதற்குப் பிறகுதான் தானும் விட்டாள். விமானத்தை நோக்கி ஓடியபோது ஒரு செருப்பு கழன்று ஓடுபாதையிலேயே கிடந்தது. இரண்டு கையாலும் விமானத்தைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கீழ்ப்பக்கம் தெரிய, சிவப்பில் ஆர் மட்டும் பளிச்சென்றிருந்தது.

"இன்னொண்ணு எங்க மாமா?" என்று கேட்டார் காத்து.

"அது இல்லாமலே பறந்துடுச்சே" என்றார் கணவர்.

ஆனாலும் ஒட்டாமல் விடுவதா என்று ஒவ்வொரு ஞாயிறும் அவர் கேட்பார். "ஒரு பக்கம் மட்டும் எழுத்து இருந்தா பாதி நம்பர் போட்ட வண்டி மாதிரி இருக்கு. என் தொழிலுக்கே மானக்கேடு." அவள் பாட்டரியை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் ஒட்டிடலாம், என்ன அவசரம், பறக்க விடுங்க" என்பாள். மூன்றாம் மாதம் எட்டு வடிவில் சுற்றினாள். நான்காம் மாதம் தானாக நிமிர்த்தும் கருவியை அணைத்துவிட்டே ஓட்டினாள். பேக்கரிக்காரர் காரைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

அன்றைக்குக் கோட்டைத் தாண்டியிருந்தால் அடுத்த தேர்வு இருபத்தாறு ஞாயிறு கழித்து. அந்த நாளுக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தவை பத்தொன்பது ஞாயிறுகள். பத்தொன்பதிலும் பறந்தாள். இருபதாவது ஞாயிறு வந்தபோது அவள் இல்லை.

விமானம் இப்போது கடையின் உள்கூரையில், கீழ்ப்பக்கம் தெரியத் தொங்குகிறது. இடது இறக்கையில் அவள் பென்சிலால் போட்ட நான்கு மூலைகள் அப்படியே இருக்கின்றன. நீல எல் எழுத்து திருப்புளிப் பெட்டியில், பின்காகிதம் உரிக்கப்படாமல் இருக்கிறது.